ஒரு சுற்றுக்கு நான்கு விரல்

குட்டி லீவர் வரவில்லை.

மலைப்பாதை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் சமதரையில் ஜீப்பை நிறுத்திவிட்டு, டெய்லர் அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். மேடில்லை, பள்ளமில்லை, சேறில்லை. எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. லீவர் மட்டும் வேர் விட்டதுபோல நின்றது.

“மாப்ளே, அது லீவர். கிணத்துக் கயிறு இல்ல,” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா.

“வரல மாமா.”

“எனக்கு வந்துச்சே. இத்தனை வருஷமா வந்துச்சே.”

டெய்லர் ரிவர்ஸ் போட்டு வண்டியை நாலடி பின்னால் எடுத்தான். அடியில் எங்கோ ‘டங்’ என்று ஒரு சத்தம். மறுபடி லீவரைத் தொட்டான். ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி அது தானாகக் கழன்று வந்தது.

அந்தப் பழைய ஜீப்பில் சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும். சேறு வந்தால் குட்டி லீவரைத் தள்ள வேண்டும். முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். ஃபோர் வீல் என்பார்கள். சேறு முடிந்ததும் லீவரை இழுத்து முன்சக்கரங்களை விடுவித்துவிட வேண்டும். இவ்வளவுதான் அதன் ரகசியம். ஆனால் கொஞ்ச நாளாக அது விடுபட மறுத்தது. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. அடியில் ஏதோ முனகியது. பின்னால் எடுத்தால் சரியாகிவிட்டது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. மலைப்பாதை முழுக்க மண்ணாகவும் குழியாகவும் கிடந்தவரை இந்தத் தொல்லை இல்லை. இந்த வருஷம் வளைவுகளுக்கும் கடைசி இறக்கத்துக்கும் கான்கிரீட் போட்டார்கள். அதற்கப்புறம்தான் வந்தது.

“ரோடு மோசமா இருந்தப்போ வண்டி ஒழுங்கா ஓடுச்சு. ரோடு ஒழுங்கானதும் வண்டி மோசமாயிடுச்சு,” என்றான் டெய்லர்.

“ரோடு, வண்டி ரெண்டும் ஒழுங்குதான். நடுவுல ஒருத்தன் உட்கார்ந்திருக்கான் பாரு, அவன்தான் கோளாறு,” என்றார் மாமா.

மாமாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் கீழே ஊரில் இருக்கும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அவர் ஓட்டிய ஜீப்பை இப்போது அவருடைய மனைவியின் தம்பி ஓட்டுகிறான். தம்பிக்குத் தொழில் தையல். மலைமேல் பழத்தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டை, பள்ளிச் சீருடை, தலையணை உறை என்று தைத்துக்கொண்டிருந்தவன், அக்கா அழுததால் ஓட்டுநர் ஆனான். மலையில் எல்லோருக்கும் அவன் இன்னும் டெய்லர்தான். ஜீப் எங்காவது நின்றால் “டெய்லர் வண்டிக்குப் பட்டன் அறுந்துபோச்சு” என்று சிரிப்பார்கள்.

சிரிப்பு அடுத்த வாரம் நின்றது. மூன்றாவது வளைவில் ஜீப் இறுகிப்போய்த் திரும்ப மறுத்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மெக்கானிக் ஏறி வருவதற்குள் ஆஸ்பத்திரியில் மாமாவின் முறை போய்விட்டது. அன்றிலிருந்து அவரால் படுக்க முடியவில்லை. உடம்பில் தேங்கிய நீர் நெஞ்சுக்கு ஏறி, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினார். கால்கள் ஊறிய பஞ்சு மாதிரி இருந்தன. அக்கா விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. “இன்னொரு தரம் விட்டீங்கன்னா ஆபத்து,” என்று நர்ஸம்மா சொல்லியனுப்பினார்.

மெக்கானிக் முன்சக்கரங்களுக்குப் போகும் தண்டைக் கழற்றினார். அதன் முனையில் இருந்த ஜாயிண்ட் கீறல் விட்டிருந்தது. வேறொன்று மாட்டினார். கியர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பற்கள் எல்லாம் சுத்தம்.

“உள்ள ஒரு குறையும் இல்ல. ஆனா எதுவோ இதைப் போட்டு முறுக்குது. துணியைப் பிழியிற மாதிரி முறுக்கியிருக்கு.”

“எது அண்ணே?”

“அது தெரிஞ்சா நான் ஏன் இந்த மலையில கிடக்கேன்? இன்னொரு தரம் இப்படி முறுக்கினா ஒடியும். இறக்கத்துல ஒடிஞ்சா…” அவர் அக்காவைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த டயாலிசிஸுக்கு ஒரு நாள்தான் இருந்தது. காலையிலிருந்தே வானம் இறங்கி உட்கார்ந்திருந்தது. மதியம் தூறல் பிடித்தது.

அக்கா அடுப்படியில் உப்பில்லாமல் ஒரு சமையல், உப்போடு ஒரு சமையல் என்று இரண்டு சட்டி வைத்திருந்தாள். மாமாவுக்கு ஒரு நாளைக்கான தண்ணீர் ஒரு பாட்டிலில் இருந்தது. அதற்குமேல் ஒரு வாய்கூடக் கிடையாது.

“இந்த முட்டையும் என்னை மாதிரியே இருக்கு. மஞ்சளை எடுத்துட்டீங்க, உப்பை எடுத்துட்டீங்க, வெறும் வெள்ளையா உட்கார்ந்திருக்கு,” என்றார் மாமா.

“சாப்பிடுங்க. பேசினா மூச்சு வாங்கும்.”

“நாளைக்கு நான்தான் ஓட்டப்போறேன்.”

அக்காவின் கரண்டி நின்றது. “என்னங்க விளையாடறீங்களா? கை ரெண்டும் இழுத்துக்குது. ராத்திரி டம்ளரைப் பிடிக்க முடியல.”

“உன் தம்பி ஓட்டி ஒருநாள் போயிடுச்சு. நாளைக்கும் போகணுமா? அவன் ஊசியில நூல் கோக்கத்தான் லாயக்கு.”

அடுத்த அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது. அவனுக்குக் கேட்டிருக்கும் என்று அக்காவுக்குத் தெரிந்தது.

டெய்லர் ஜீப்பின் பக்கத்துக்கு மழைத்திரை தைத்துக்கொண்டிருந்தான். கெட்டியான கான்வாஸ், இரண்டு மடிப்பு. ஒரே நீளத்துக்கு வெட்டி, நுனியோடு நுனி வைத்துத்தான் தொடங்கினான். கடைசியில் பார்த்தால் மேல்துணி நான்கு விரல் மிஞ்சி நீட்டிக்கொண்டிருந்தது. அவசரத்தில் கவனிக்கவில்லை. புதிதாய்த் தைக்கிறவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். ஊசிக்குக் கீழே இருக்கும் பல்தான் துணியை நகர்த்துகிறது. பல் கடிப்பது கீழ்த்துணியை. ஒவ்வொரு தையலுக்கும் கீழ்த்துணி ஒரு மயிரிழை முந்தும், மேல்துணி பிந்தும். ஒரு தையலில் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் தையலில் நான்கு விரல். மெல்லிய துணியானால் இழுத்து நீவிச் சமாளித்துவிடலாம். கான்வாஸ் நீவக் கொடுக்காது. சுருக்கம் விழுந்து இறுகும்.

டெய்லர் மிதிப்பதை நிறுத்தினான். நீவக் கொடுக்கும் துணி, நீவக் கொடுக்காத துணி. மண், கான்கிரீட்.

டேப்பையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு ஜீப் நின்ற தகரக் கொட்டகைக்கு ஓடினான்.

“அக்கா! கொஞ்சம் வா. வண்டியைத் தள்ளணும்.”

“அடுப்புல சட்டி இருக்குடா.”

“இறக்கி வச்சுட்டு வா.”

மாமா நாற்காலியை வாசற்படிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கொட்டகைத் தரை சிமெண்ட். டெய்லர் முன்டயரின் அடியில், தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போட்டான். அதே இடத்தில் தரையிலும் ஒரு கோடு. பின்டயருக்கும் அப்படியே. அக்காவும் அவனுமாக வண்டியைத் தள்ளினார்கள். டயரின் கோடு மேலே ஏறி, சுற்றி, மறுபடி தரைக்கு வந்ததும் நிறுத்தி, அங்கே தரையில் இன்னொரு கோடு. ஒரு முழுச் சுற்று. தையல் டேப் நீளம் போதவில்லை. இரண்டு தடவையாக அளந்தான்.

முன்டயர் இருநூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர் உருண்டிருந்தது. பின்டயர் இருநூற்று இருபத்தைந்து.

“என்ன கண்டுபிடிச்சீங்க விஞ்ஞானி?” என்றார் மாமா.

“மாமா, முன்டயர் சின்னது. பின்டயர் பெருசு.”

“போடா. நாலுமே ஆறு-பதினாறு. பக்கவாட்டுல எழுதியிருக்கு, படிக்கத் தெரியும்ல?”

“நம்பர் ஒண்ணுதான் மாமா. என்கிட்ட வர்ற சட்டையிலயும்தான் நாற்பதுன்னு நம்பர் இருக்கும். ஒரு நாற்பது தொளதொளன்னு இருக்கும், இன்னொரு நாற்பது மூச்சு முட்டும். நான் நம்பரைப் பாக்கறதில்ல, அளந்துதான் பாப்பேன்.”

“டயர் என்ன சட்டையா?”

“பின்னாடி இருக்கறது நீங்க இந்த வருஷம் போட்டது. பட்டன் எல்லாம் முழுசா இருக்கு. முன்னாடி இருக்கறது தேய்ஞ்சு வழுக்கையாயிடுச்சு.”

டயரின்மேல் எழும்பி நிற்கும் ரப்பர்க் கட்டைகளைத்தான் பட்டன் என்பார்கள். புதுப் பட்டன் ஒரு விரல் தடிமன் இருக்கும். அது தேய்ந்தால் சக்கரம் அந்த அளவுக்குக் குள்ளமாகும். குள்ளமான சக்கரம் ஒரு சுற்றில் குறைவான தூரம்தான் போகும். இது எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். ஆனால் அந்த மலையில் ஜீப் வைத்திருந்த அத்தனை பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. எப்போதும் இரண்டு டயராகத்தான் வாங்குவார்கள். புதுசு பின்னால், பழசு முன்னால். பாரம் பின்னால்தானே இருக்கிறது, பிடிப்பும் அங்கேதானே வேண்டும் என்பது கணக்கு. அந்த வழக்கத்தை அங்கே கொண்டுவந்ததே மாமாதான்.

“அதனால என்ன? நாலு விரல் வித்தியாசம்,” என்றார் அவர். குரலில் கேலி குறைந்திருந்தது.

“ஒரு சுத்துக்கு நாலு விரல் மாமா. ஒரு கிலோமீட்டர் போகறதுக்குள்ள முப்பது மீட்டர். ஃபோர் வீல் போட்டா முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணோட ஒண்ணு கட்டின மாதிரி. ஒரே எண்ணிக்கைதான் சுத்த முடியும். பின்சக்கரம் ஒரு தூரம் போகணும்னு சொல்லுது, முன்சக்கரம் அதுக்குக் குறைவா போகணும்னு சொல்லுது. அந்த முப்பது மீட்டர் எங்க போகும்?”

மாமாவின் பார்வை முன்டயரிலிருந்து பின்டயருக்குப் போனது.

“மண்ணுல சக்கரம் கொஞ்சம் கொஞ்சமா வழுக்கிக் கணக்கைத் தீர்த்துடும். கான்கிரீட்ல வழுக்காது. எல்லாம் உள்ள போய்த் தண்டுல முறுக்கா ஏறும். பின்னாடி எடுத்தா முறுக்கு அவிழும். அதான் லீவர் வருது.”

“அப்போ என்னாலதான்னு சொல்ற.”

“நான் அப்படிச் சொல்லல மாமா.”

“வேற எப்படிச் சொன்ன?” மாமா எழுந்தார். எழுந்த வேகத்தில் மூச்சு முட்டி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். அக்கா ஓடினாள். “டேப்பை வச்சு என்னையே அளக்க வந்துட்டான்,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

மறுநாள் காலையில் மழை கனமாக இருந்தது. மாமா ஓட்டுகிறேன் என்று சொல்லவில்லை. பக்கத்து இருக்கையில் ஏறி உட்காரவே அவருக்கு இரண்டு பேருடைய தோள் தேவைப்பட்டது. அக்கா பின்னால், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் நான்கு கட்டைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

டயர்க்கடை கீழே ஊரில் இருந்தது. ஆகவே இந்த ஒருமுறை இதே டயர்களோடு இறங்கியாக வேண்டும். டெய்லர் ஒரு ஏற்பாடு சொன்னான். சேற்றில் ஃபோர் வீல். கான்கிரீட் தொடங்குவதற்கு முன்பே நிறுத்தி, மண்ணில் நிற்கும்போதே லீவரைக் கழற்றிவிட வேண்டும். கான்கிரீட் முடிந்ததும் மறுபடி போட வேண்டும்.

முதல் வளைவில் லீவர் வந்தது. இரண்டாவதிலும் வந்தது.

“வருதே,” என்றாள் அக்கா.

“பேசாதே அக்கா.”

மூன்றாவது வளைவில் மழை ஏமாற்றியது. மேலிருந்து அடித்துக்கொண்டு வந்த செம்மண், கான்கிரீட்டின் தொடக்கத்தை மெழுகி மூடியிருந்தது. மண் என்று நினைத்தே டெய்லர் போய்க்கொண்டிருந்தான். சட்டென்று முன்னால் கழுவிவிட்ட கான்கிரீட் வெளுப்பாகத் தெரிந்தது. எவ்வளவு தூரம் அதன்மேல் வந்துவிட்டான் என்று தெரியவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினான். அது பாதி வந்து நின்றது. அடியில் முனகல் தொடங்கியது.

“நிறுத்து! நிறுத்துடா!” மாமாவின் கை அவன் தோளைப் பிடித்தது.

நின்றது. முன்சக்கரத்துக்கும் பாதையின் விளிம்புக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கும் இடம்தான் இருந்தது. அதற்கப்புறம் மரங்களின் உச்சிகள்.

லீவர் அசையவில்லை.

“பின்னாடி எடு,” என்றார் மாமா.

“பின்னாடி ஏத்தம் மாமா. முறுக்கிக் கிடக்கற ஜாயிண்ட் மேல எஞ்சினோட பலம் மொத்தமும் விழும். மெக்கானிக் சொன்னதைக் கேட்டீங்கல்ல.”

“அப்போ என்ன பண்ணப்போற? இங்கயே குடித்தனம் வைக்கப்போறியா?” சொல்லி முடிப்பதற்குள் இருமல். இருமல் நின்றதும் அவர் நெஞ்சுக்குள் தண்ணீர் கொப்பளிப்பது போல ஒரு சத்தம். அக்கா முன்னால் சாய்ந்து அவர் முதுகைத் தடவினாள். “தம்பி, சீக்கிரம் ஏதாவது பண்ணுடா,” என்றாள். அவள் குரல் அவளுடையதாக இல்லை.

டெய்லர் எஞ்சினை நிறுத்தி, வண்டியை கியரில் விட்டான். இறங்கிப் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளை உதைத்து இறுக்கினான். மலைப்பக்கத்து முன்சக்கரத்துக்கு அருகில் அச்சுக்கு அடியில் ஜாக்கியை வைத்தான். மழை கழுத்து வழியாக முதுகுக்கு இறங்கியது.

“இப்போ எதுக்குடா ஜாக்கி? பஞ்சரா ஆயிருக்கு?” மாமா வெளியே தலையை நீட்டினார்.

“சக்கரம் தரையை விட்டா முறுக்கு அவிழணும். என் கணக்கு சரின்னா.”

“தப்புன்னா?”

டெய்லர் ஜாக்கியின் கைப்பிடியைச் சுற்றினான். ஜீப்பின் முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. தரையோடு ஒட்டி நசுங்கியிருந்த டயரின் வயிறு மெல்ல உருண்டையானது. இன்னும் ஒரு சுற்று.

டயர் தரையை விட்டது. விட்ட அந்தக் கணத்தில், யாரும் தொடாமல், சக்கரம் தானாகவே விருட்டென்று பின்பக்கமாகக் கால் சுற்றுச் சுழன்று நின்றது. டயரில் ஒட்டியிருந்த சேறு மாமாவின் கன்னத்தில் தெறித்தது.

“யார்றா சுத்தினது?”

“யாரும் தொடல மாமா.”

மாமா அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்துச் சேற்றைத் துடைக்கவில்லை. பிறகு தன் வலது கையை நீட்டிக் குட்டி லீவரைப் பிடித்தார். இழுத்துக்கொள்ளும் அந்த விரல்களுக்கே அது கழன்று வந்தது.

“இறக்கு,” என்றார். “நேரமாகுது.”

ஆஸ்பத்திரி வாசலில் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தபோது அவர் டெய்லரின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“நாலும் மாத்து. மாத்தறதுதான் மாத்தற, ஏழா போடு. பெரிய டயர். சேத்துல நல்லா நிக்கும்.”

டயர்க்கடைக்காரரும் அதையே சொன்னார். “ஏழு-பதினாறு போடுங்க. மலை வண்டி, பாக்க யானை மாதிரி இருக்கும்.”

“அண்ணே, இந்த நம்பர்ல எது உயரம்?”

“முதல் நம்பர் அகலம். ரெண்டாவது உள்ள இருக்கற இரும்பு வளையத்தோட அளவு. ரெண்டும் அங்குலம்.”

“உயரம்?”

கடைக்காரர் டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை நாள் விற்றவருக்கே அப்போதுதான் உறைத்ததுபோல இருந்தது. “உயரத்தை எழுதல. பழைய அளவுல எழுதறதில்ல. அகலம் கூடினா உயரமும் கூடும்னு வச்சுக்கறதுதான்.”

ஒரு ஏழு-பதினாறை மாட்டிப் பார்த்தார்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பியதும் டயரின் பக்கவாட்டு, வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையில் போய் உரசியது. டெய்லர் நடுவில் விரலை விட்டுப் பார்த்தான், நுழையவில்லை. வளைவுக்கு வளைவு இப்படி உரசினால் மழைக்காலம் முடிவதற்குள் டயர் கிழியும். இன்னொன்றும் இருந்தது. உயரமான சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும்; அந்தத் தூரத்தை அதே எஞ்சின்தான் இழுக்க வேண்டும். சமதரையில் அது லாபம். ஏற்றத்தில், ஆள் நிறைய இருக்கும்போது, எஞ்சின் திணறும்.

“வேணாம்ணே. ஆறு-பதினாறே குடுங்க.”

“உங்க மாமா ஏழுன்னு சொன்னதா சொன்னீங்களே?”

“நான் அவர்கிட்ட பேசிக்கறேன்.”

டெய்லர் கடையில் இருந்த ஆறு-பதினாறுகளை எல்லாம் வெளியே உருட்டிவரச் சொன்னான். காற்று அடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் இடுப்பையும் டேப்பால் சுற்றி அளந்து, பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதினான். ஒரே கம்பெனி, ஒரே பட்டன் உள்ளவை ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குள் ஒத்துப்போயின. இன்னொரு கம்பெனியின் அதே ஆறு-பதினாறு, புத்தம் புதுசு, இரண்டு விரல் கூடுதல். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். ஒத்துப்போனவற்றில் நான்கை டெய்லர் ஜீப்பில் மாட்டச் சொன்னான்.

டயாலிசிஸ் முடிந்து மாமா வெளியே வந்தபோது முகத்தின் வீக்கம் வடிந்திருந்தது. அக்கா கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். ஜீப்பின் முன் நின்று பார்த்தார்.

“ஏழு எங்க?”

“போடல மாமா.”

“நான் என்ன சொன்னேன்?”

“சொன்னீங்க. மாட்டிப் பாத்தேன். திருப்பினா ஸ்பிரிங் பட்டையில உரசுது. ஏத்தத்துலயும் இழுக்காது.”

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமா மெல்ல நடந்து முன்டயரைக் கையால் தடவினார். பின்டயரைத் தடவினார். வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அங்கே மாட்டியிருந்த உபரி டயரைப் பார்த்து நின்றார்.

“இதை அளந்தியா?”

டெய்லர் விழித்தான். “ஸ்டெப்னிதானே மாமா…”

“மலையில பஞ்சரானா இதைத்தானே மாட்டுவ? அப்போ மூணு ஒரு அளவு, இது ஒரு அளவு. மறுபடியும் முறுக்கும். மறுபடியும் நான் வாயைத் திறந்துக்கிட்டு உட்காரணும்.” அவர் சாய்ந்துகொள்ள அக்காவின் தோளைத் தேடினார். “ஓடு. அஞ்சாவதையும் வாங்கிட்டு வா. அதையும் அளந்து வாங்கு.”

டயர்க்கடை முற்றத்தில் ஐந்தாவதையும் மாட்டினார்கள். மாமா முன்னிருக்கையிலும் அக்கா பின்னிருக்கையிலும் பாரத்துக்காக உட்கார்ந்திருக்க, கடைக்காரரும் டெய்லரும் வண்டியை ஒரு சுற்று உருட்டிச் சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தார்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு வந்தது. மலை ஏறும்போது டெய்லர் சேற்றில் ஃபோர் வீல் போட்டான். ஒவ்வொரு கான்கிரீட் தொடக்கத்திலும் கழற்றினான். மூன்றாவது வளைவில் மட்டும், சோதித்துப் பார்க்க, கழற்றாமலே ஏறி, கான்கிரீட்டின் மேலேயே நிறுத்தி, லீவரை இரண்டு விரலால் இழுத்தான். வந்தது.

அந்த ஜீப்புக்குச் சரியான டயர் ஆறு-பதினாறு, அது செய்யப்பட்டபோது மாட்டிய அதே அளவு. ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன், ஒரே அளவு காற்று. ஐந்தையும் இடம் மாற்றி மாற்றிப் போட்டு ஒன்றாகத் தேயவிட வேண்டும். ஐந்தையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். நம்பர் ஒன்றாக இருந்தால் போதாது. பாரத்தோடு தரையில் ஒரு சுற்று உருட்டினால், எல்லாம் ஒரே தூரம் போக வேண்டும்.